பால்வீதியின் நடுவே தோன்றி மறைபவை



வெளியே மழை பிடித்து இடி இடிக்கும்போது வீட்டிலுள்ள வானொலிப் பெட்டி கரகரவென்று இரைவதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். லயத்தில் ஒரு வரிசைக்கு ஒரு வீட்டில் மட்டுமே பெட்டி இருந்த அந்தக் காலத்தில், பாட்டு நல்ல இடத்துக்கு வரும்போது மின்னல் வெட்டிக் கெடுத்துவிட்டதே என்று பெரியவர்கள் சலித்துக்கொண்டதும் நம் நினைவில் இருக்கிறது. மின்னல் ஒளியை மட்டும் உண்டாக்குவதில்லை. வானொலி அலையையும் உண்டாக்குகிறது. அந்த அலை நம் பெட்டிக்குள் புகுந்து, பாட்டோடு கலந்து, இரைச்சலாகிவிடுகிறது.

சரி, மழையும் இல்லை, மின்னலும் இல்லை, வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சிற்றலையில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே முள்ளை நிறுத்தினால் 'உஸ்' என்று ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கிறதே, அது எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு பெட்டிக்குள்ளேயே பிறப்பது. இன்னொரு பங்கு ஊரிலுள்ள மோட்டார்களாலும் மின்சாரக் கம்பிகளாலும் வருவது. மூன்றாவதாக ஒரு சிறு பங்கு உண்டு. அது இந்தப் பூமியில் பிறந்ததே அன்று. விண்மீன்களுக்கு நடுவிலிருந்து, நாம் நினைத்துப் பார்க்கவும் இயலாத தூரத்திலிருந்து வருகிறது.

அந்த இரைச்சலை முதன்முதலில் அடையாளம் கண்டது எப்படி, அது வரும் திசையில் விளக்குப்போலத் தோன்றி மறையும் சில பொருள்களை அறிவியலார் தேடிப் பிடித்தது எப்படி என்பதைப் பற்றி இன்று பேசுவோம். அந்தத் தேடலில் பங்கு கொண்டவர்களில் கல்லூரி மாணவர்களும் மாணவிகளும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டால் நல்லது.

அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆராய்ச்சிக் கூடத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞர் 1928ஆம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார். கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் பேசும் வானொலித் தொலைபேசியில் இரைச்சல் மிகுதியாக இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே அவருக்குத் தரப்பட்ட வேலை. அவர் சுமார் 30 மீட்டர் நீளமுள்ள பெரிய ஏரியல் ஒன்றை மரச்சட்டத்தில் அமைத்தார். பழைய ஃபோர்டு மோட்டார் வண்டியின் சக்கரங்களை அடியில் பூட்டி, அதை வட்டமாகச் சுற்றும்படி செய்தார். கூட வேலை செய்தவர்கள் அதைக் குடை ராட்டினம் என்று கேலி செய்தார்களாம்.

ராட்டினம் சுற்றச் சுற்ற, இரைச்சல் எந்தத் திசையில் கூடுகிறது என்று அவர் எழுதி வைத்தார். பக்கத்து இடிமழையின் இரைச்சல் ஒருவகை. தொலைவிலுள்ள இடிமழைகளின் இரைச்சல் மற்றொரு வகை. மூன்றாவது வகை ஒன்று இருந்தது. அது இடைவிடாத மெல்லிய சீறல். அது ஒவ்வொரு நாளும் வானத்தைச் சுற்றி வந்தது. முதலில் அது சூரியனிலிருந்து வருவதாக அவர் எண்ணினார். ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல அது சூரியனை விட்டு விலகிப் போயிற்று. கணக்குப் பார்த்தபோது, அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை வராமல் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது தெரிந்தது.

இந்த நான்கு நிமிடத்தில்தான் உண்மை அடங்கியிருந்தது. இன்று இரவு 9 மணிக்கு நம் வீட்டு எதிர் மரத்தின் உச்சிக்கு நேராகத் தெரியும் விண்மீன், நாளை 8 மணி 56 நிமிடத்துக்கே அந்த இடத்துக்கு வந்துவிடும். ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம் முந்திவிடும். இது விண்மீன்களின் கடிகாரம். இந்தக் கடிகாரப்படி வரும் இரைச்சல் விண்மீன்களின் உலகத்திலிருந்துதான் வர வேண்டும். அது தனுசு ராசியின் திசையில் மிகுந்திருந்தது. 1933ஆம் ஆண்டு ஜான்ஸ்கி இதை வெளியிட்டார். பின்னர் அவர் வேறு வேலைகளுக்கு அனுப்பப்பட்டார். 1950இல் தம் 44ஆம் வயதில் காலமானார். விண்ணிலிருந்து வரும் வானொலி அலையின் வலுவை அளக்கும் அலகுக்கு இன்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

தனுசு ராசியின் திசை எது? அதை நாமே பார்க்கலாம். ஆகஸ்டு மாதத்தின் நடுவில், நிலா இல்லாத ஓர் இரவில் 9 மணி சுமாருக்கு, விளக்கு வெளிச்சத்தை விட்டு விலகி, தெற்கு நோக்கி நிற்போம். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே ஒரு பெரிய தேளின் உருவம் தெரியும். அதுதான் விருச்சிகம். அதன் வால் கொக்கிபோல வளைந்திருக்கும். அந்தக் கொடுக்கின் விண்மீன்களையே நம் முன்னோர் மூலம் என்று அழைத்தார்கள். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால், கொடுக்கிலிருந்து ஏறக்குறைய ஒரு முட்டி அளவு மேலே, சற்று இடப்புறமாக உள்ள இடமே நாம் இன்று பேசப்போகும் இடம். அதுவே நம் பால்வீதியின் நடுவிடம்.

மூலம் என்றதும் சிலருடைய மனம் துணுக்குறும். 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்ற பழமொழியைச் சொல்லி, நல்ல பெண்களின் கல்யாணத்தைத் தட்டிக் கழித்த வீடுகளை நாம் அறிவோம். அதைப் பற்றி முடிவில் ஒரு வார்த்தை சொல்வோம். இப்போது பால்வீதிக்கு வருவோம்.

பால்வீதி என்பது வானத்தில் வெண்புகைபோல் நீண்டு தெரியும் விண்மீன் கூட்டம். நம் சூரியனும் அதில் ஒன்று. மொத்தம் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் அதில் இருக்கின்றன. அதன் வடிவத்தை அறிய ஓர் ஆப்பத்தை நினைத்துக்கொண்டால் போதும். நடுவில் தடித்தும், சுற்றிலும் மெலிந்து பரந்தும் இருக்கும். நாம் இருப்பது நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில், மெலிந்த பகுதியில். நடுவிடம் நமக்கு 26,000 ஒளியாண்டுகளுக்கும் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறது. ஒளி ஒரு விநாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. நிலவிலிருந்து நம்மிடம் வர அதற்கு ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேல் போதும். சூரியனிலிருந்து வர எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். பால்வீதியின் நடுவிலிருந்து வர 26,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நாம் இன்று வாங்கும் அலை, மனிதர் உழவுத் தொழிலை அறிவதற்கு முன்பே அங்கிருந்து புறப்பட்டது.

அந்த நடுவிடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. இடையில் தூசு மண்டலங்கள் திரை போட்டிருக்கின்றன. பால் வெட்டப் போகும் விடியற்காலையில் காட்டில் பனிமூட்டம் இறங்கியிருக்கும்போது, தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சம் நாலு மரத்துக்கு அப்பால் போவதில்லை. ஆனால் அதே மூட்டத்தைக் கடந்து வானொலி நிகழ்ச்சி லயத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. தூசையும் மூட்டத்தையும் வானொலி அலை எளிதில் கடக்கும். ஆகவேதான் பால்வீதியின் நடுவை அறிய விரும்பியவர்கள் கண்ணாடி வைத்த தொலைநோக்கியோடு நிற்காமல், வானொலித் தொலைநோக்கியையும் நாடினார்கள். வானொலித் தொலைநோக்கி என்பது வேறொன்றுமில்லை. பெரிய ஏரியலும், மிகக் கூர்மையான வானொலிப் பெட்டியும் சேர்ந்ததே அது. அதில் வருவது காதால் கேட்கும் ஓசையன்று. கருவிகள் அதை அளந்து கோடுகளாகவும் படங்களாகவும் ஆக்கித் தருகின்றன. பேச்சு வசதிக்காகவே நாம் இங்கே 'கேட்டார்கள்' என்று சொல்கிறோம்.

1974ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் புரூஸ் பாலிக், ராபர்ட் பிரவுன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் மேற்கு வெர்ஜீனியாவிலுள்ள கிரீன் பேங்க் என்னும் இடத்திலிருந்து, பால்வீதியின் நட்ட நடுவே மிகச் சிறிய, பிரகாசமான வானொலிப் புள்ளி ஒன்றைக் கண்டார்கள். அதைச் சுற்றி விண்மீன்கள் ஓடும் வேகத்தை ஜெர்மனியில் ரெய்ன்ஹார்டு கென்செல் குழுவினரும், அமெரிக்காவில் ஆண்ட்ரியா கெஸ் என்ற பெண் அறிஞரின் குழுவினரும் பல ஆண்டுகள் அளந்தார்கள். நடுவில் சூரியனைப்போல் சுமார் 40 லட்சம் மடங்கு எடையுள்ள கருந்துளை இருக்கிறது என்று அதிலிருந்து தெளிவாயிற்று. அவ்விருவருக்கும் 2020ஆம் ஆண்டு நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. 2022ஆம் ஆண்டு மே மாதம் அந்தக் கருந்துளையின் நிழற்படமும் வெளிவந்தது.

இவ்வளவும் தெரிந்துவிட்ட பிறகு அங்கே தேடுவதற்கு இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இங்கேதான் நம் பேச்சின் முக்கியப் பகுதி தொடங்குகிறது.

நடுவிடத்தைச் சுற்றியுள்ள வானொலிப் பொருள்களில் பெரும்பாலானவை மாறாதவை. சூடேறிய வாயு மேகங்கள், வெடித்துச் சிதறிய விண்மீன்களின் மிச்சங்கள் போன்றவை பத்து ஆண்டு கழித்துப் பார்த்தாலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் சில பொருள்கள் திடீரென்று ஒளிர்ந்து, சில நிமிடத்திலோ சில மாதத்திலோ மங்கி மறைகின்றன. இவற்றை மாறும் வானொலி மூலங்கள் என்பார்கள். இங்கே மூலம் என்றால் ஊற்று என்று பொருள் கொள்வோம். ஏன் இவற்றைத் தேட வேண்டும்? விரைவில் மாறும் பொருள் சிறிய பொருளாக இருந்தே தீர வேண்டும்.

இதற்கும் ஓர் உதாரணம் சொல்லலாம். இருட்டில் நீண்ட மலைச்சாலை ஒன்றில் ஆட்கள் விளக்கோடு வரிசையாக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனையில் நிற்பவர் விளக்கை ஏற்றியதும் அடுத்தவருக்குச் சொல்ல, அவர் ஏற்றி அதற்கடுத்தவருக்குச் சொல்ல, இப்படியே செய்தி போகிறது. வரிசை நீளமாக இருந்தால் எல்லா விளக்கும் எரிய நேரம் பிடிக்கும். நாலு பேர் மட்டும் நின்றால் சட்டென்று எல்லாம் எரிந்துவிடும். விண்வெளியில் ஒளியைவிட வேகமாக எந்தச் செய்தியும் போகாது. ஆகவே பத்து நிமிடத்தில் ஒளிர்ந்து அணையும் பொருளின் அளவு, ஒளி பத்து நிமிடத்தில் ஓடும் தூரமாகிய 18 கோடி கிலோமீட்டருக்குள்தான் இருக்க முடியும். பால்வீதியின் அளவோடு பார்த்தால் அது ஒரு கடுகு. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து அவ்வளவு வலுவான அலை வருகிறது என்றால், அங்கே செத்துச் சுருங்கிய விண்மீனோ, வலுத்த காந்த ஆற்றல் உடைய விண்மீனோ, பக்கத்து விண்மீனை உறிஞ்சும் கருந்துளையோ இருக்கலாம். விண்மீன் பிறந்து வாழ்ந்து இறப்பதைப் பற்றிய நம் அறிவுக்கு அது சாட்சி சொல்லும்.

ஆனால் அதைக் கண்டுபிடிப்பது எளிதன்று. தோட்டத்துப் பெரட்டை நினைத்துப் பார்ப்போம். கிராணியார் காலையில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறித்துக்கொள்கிறார். இன்று ஒருவர் வரவில்லை, நேற்று இல்லாத ஒருவர் இன்று வந்திருக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரிகிறது? நாள் தவறாமல் எல்லார் பெயரையும் குறித்து வைத்ததால்தான் தெரிகிறது. ஒரே ஒரு நாள் மட்டும் பெயர் எடுத்திருந்தால், யார் புதியவர், யார் பழையவர் என்று சொல்லவே முடியாது. பால் வெட்டுபவரும் அப்படித்தான். தம் நிரையிலுள்ள நூற்றுக்கணக்கான மரங்களில் எதில் பால் குறைந்தது, எதில் பட்டை வறண்டது என்று, திரும்பத் திரும்பப் போவதால்தான் அறிகிறார். வானத்துக்கும் செக்ரோல் வேண்டும். ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் படமெடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 27 பெரிய கிண்ண ஏரியல்கள் மூன்று வரிசைகளாக ஒரு சமவெளியில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் குறுக்களவும் 25 மீட்டர். அவை தண்டவாளத்தின்மேல் நகரக்கூடியவை. எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய தொலைநோக்கிபோல் வேலை செய்யும். இதைக்கொண்டு பால்வீதியின் நடுப்பகுதியைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படமெடுத்துத் தேடியவர்களில் ஸ்காட் ஹைமன் என்ற பேராசிரியர் ஒருவர். அவர் பணியாற்றியது பெயர்பெற்ற பெரிய பல்கலைக்கழகத்தில் அன்று. வெர்ஜீனியா மாநிலத்தில் ஸ்வீட் பிரையர் என்னும் சிறிய பெண்கள் கல்லூரியில் அவர் பௌதிகம் கற்பித்தார். அவருடைய ஆராய்ச்சியில் அக்கல்லூரி மாணவிகளும் உடனிருந்து வேலை செய்தார்கள்.

அந்தக் கல்லூரியின் வரலாற்றை நம் நேயர்கள் கேட்க வேண்டும். அது நிற்கும் நிலம் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் அங்கே அடிமைகளாக உழைத்தார்கள். தோட்டத்துச் சொந்தக்காரி தம் இறந்துபோன ஒரே மகளின் நினைவாக எழுதிய உயிலின்படி 1901ஆம் ஆண்டு கல்லூரி உருவாயிற்று. அடிமைகள் வாழ்ந்த குடிசைகளில் ஒன்று இன்றும் அந்த வளாகத்தில் நிற்கிறது. அந்த உழைப்பாளிகளின் வழிவந்த கறுப்பினப் பெண்களுக்கு அக்கல்லூரியின் கதவு 1960களின் பிற்பகுதியில்தான் திறந்தது. ஒரு தோட்டத்து நிலம், பள்ளிக்கூடமாகி, அதன் கதவும் மெல்ல மெல்ல எல்லாருக்கும் திறந்து, பின்னர் அங்கிருந்து பால்வீதியின் நடுவைத் தேடும் வேலையும் நடந்திருக்கிறது.

இப்போது 2002ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாளுக்கு வருவோம். அன்றும் மறுநாளும் சேர்ந்த சில மணி நேரம் அந்த 27 கிண்ணங்களும் பால்வீதியின் நடுவை நோக்கி, சுமார் ஒரு மீட்டர் நீள அலையை வாங்கிப் பதிவு செய்தன. அந்தப் பதிவு முழுவதையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒரே ஒரு படம் கிடைக்கும். ஒரு நாள் முழுதும் திறந்திருந்த புகைப்படக் கருவியில், நடுவே ஓடி மறைந்த ஆள் சரியாகப் பதியமாட்டார் அல்லவா? அதுபோல, சில நிமிடமே ஒளிர்ந்த பொருள் அந்தப் படத்தில் மங்கித்தான் தெரியும். ஆகவே பதிவைச் சில நிமிடத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை அது.

அப்படிப் பார்த்தபோது ஒன்று அகப்பட்டது. நடுவிடத்துக்குத் தெற்கே இரண்டு முழுநிலா அகலத்துக்குச் சற்று அப்பால், அதுவரை ஒன்றும் இல்லாத இடத்தில், ஒரு பொருள் பத்து நிமிடம் ஒளிர்ந்தது. பிறகு அணைந்தது. 77 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடியும் ஒளிர்ந்தது. அந்த ஒரே பதிவில் ஐந்து முறை அப்படி ஒளிர்ந்தது. இடையில் ஒன்றும் இல்லை. கலங்கரை விளக்கைப்போல, ஆனால் 77 நிமிடத்துக்கு ஒரு சுற்று. அப்போது தெரிந்திருந்த எந்த வகை விண்மீனும் அப்படி நடந்துகொள்ளவில்லை.

ஹைமனும் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்து அறிஞர்களும் பிறரும் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். அது பூமியில் உள்ள ஏதோ ஒரு கருவியின் குறுக்கீடாக இருக்குமோ, கணக்கில் பிழையாக இருக்குமோ என்று எல்லாவற்றையும் சோதித்தார்கள். 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழில் இந்தச் செய்தி வெளிவந்தது. கேட்பது 2002இல், சொல்வது 2005இல். இடைப்பட்ட காலம் சரிபார்ப்பதற்குப் போயிற்று.

ஒருமுறை கண்டது போதுமா? போதாது. மறுபடியும் காண வேண்டும். அதற்கு இந்தியாவிலுள்ள ஒரு தொலைநோக்கி உதவியது. மகாராஷ்டிர மாநிலத்தில் புனே நகருக்கு வடக்கே, கோடாத் என்னும் கிராமத்தைச் சுற்றி, 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 கிண்ணங்கள் நிற்கின்றன. அதை அமைத்தவர் கோவிந்த் சுவரூப் என்ற அறிஞர். அதற்கு முன்பே, 1970ஆம் ஆண்டில், தமிழ்நாட்டு நீலகிரி மலையில் உதகைக்கு அருகே 530 மீட்டர் நீளமுள்ள ஒரு வானொலித் தொலைநோக்கியை அவர் தலைமையில் கட்டி முடித்திருந்தார்கள். மலைச்சரிவின் சாய்வு பூமியின் அச்சுக்கு இணையாக அமையும் இடத்தைத் தேடிப் பிடித்ததால், ஓர் அச்சில் திருப்பியே விண்மீனை மணிக்கணக்கில் பின்தொடர முடிந்தது. அந்த அனுபவத்தின் மேல் எழுந்ததே கோடாத் தொலைநோக்கி.

கோடாத்தின் 2003ஆம் ஆண்டுப் பதிவில், அதே இடத்தில், ஒரே ஓர் ஒளிர்வு அகப்பட்டது. 2004ஆம் ஆண்டுப் பதிவில் மிக மெலிந்த ஒன்று அகப்பட்டது. ஆக, முன்னர் கண்டது பிரமையன்று என்பது உறுதியாயிற்று. ஆனால் 77 நிமிட ஒழுங்கைக் காணவில்லை. அதற்குப் பிறகு பல இரவுகள் தேடியும் அது அகப்படவில்லை.

இப்படித் தேடியும் கிடைக்காத இரவுகள் வீணா? இல்லை, நேயர்களே. 'இன்ன நாளில், இன்ன இடத்தில், ஒன்றும் இல்லை' என்பதும் செக்ரோலில் ஒரு வரிதான். அது எத்தனை முறை ஒளிர்கிறது, எத்தனை காலம் உறங்குகிறது என்று பின்னால் வருபவர் கணக்கிட அந்த வரி வேண்டும்.

அந்தப் பதிவேட்டின் அருமை சில ஆண்டுகளில் தெரிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் டைரோன் ஓ'டோஹர்ட்டி என்ற மாணவர், பழைய பதிவுகளில் மாறும் பொருள்களைத் தேட ஒரு புதிய முறையை உருவாக்கினார். 2018ஆம் ஆண்டுப் பதிவில், 18 நிமிடத்துக்கு ஒருமுறை ஒளிரும் ஒரு பொருளை அவர் கண்டார். நட்டாஷா ஹர்லி-வாக்கர் என்ற பெண் அறிஞரின் தலைமையில் அந்தக் குழு 2022ஆம் ஆண்டு அதை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அதே குழு, 22 நிமிடத்துக்கு ஒருமுறை ஒளிரும் இன்னொன்றை அறிவித்தது. பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது, அது 1988ஆம் ஆண்டிலிருந்தே ஒளிர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. முப்பதாண்டுக்கு மேலாகக் கதவைத் தட்டியிருக்கிறது; கேட்பார் இல்லை. பதிவை யாரோ பத்திரமாக வைத்திருந்ததால் அந்தத் தட்டல் வீணாகவில்லை.

பால்வீதியின் நடுவை நோக்கிய தேடலும் தொடர்ந்தது. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் செப்டம்பர் வரை ஆஸ்திரேலியாவின் 36 கிண்ணத் தொலைநோக்கி, நடுவிடத்துக்கு நான்கு பாகை தள்ளி ஆறு முறை ஒரு பொருளைக் கண்டது. சிட்னி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவர் ஸிடெங் வாங் என்பவரும் அவர் குழுவினரும் அதைப் பின்தொடர்ந்தார்கள். 2021 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் 64 கிண்ணத் தொலைநோக்கியில் அது மீண்டும் தெரிந்தது. ஒரே நாளில் மறைந்தும் போயிற்று.

இவையெல்லாம் என்ன? விடை இப்போது சிறிது சிறிதாகத் தெரிந்துவருகிறது. ஐரோப்பியத் தொலைநோக்கியின் பதிவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒளிரும் ஒரு பொருள் கிடைத்தது. அங்கே இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று 2025ஆம் ஆண்டு அறிவித்தார்கள். ஒன்று செத்துச் சுருங்கிய வெள்ளைக் குள்ள விண்மீன். மற்றது சிவப்புக் குள்ள விண்மீன். இரண்டின் காந்தப் புலங்களும் உரசுவதால் வானொலி அலை வெடித்துக் கிளம்புகிறது. 2002இல் கண்ட 77 நிமிடப் பொருளும் இவ்வகை மெதுவான பொருள்களுள் ஒன்றாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. ஆனால் அது மீண்டும் ஒளிரும் வரையில் தீர்ப்புச் சொல்ல யாரும் அவசரப்படவில்லை. அது நடுவிடத்திலேயே இருக்கிறதா, வழியில் நமக்கு அருகில் இருக்கிறதா என்பதும் இன்னும் முடிவாகவில்லை.

நேயர்களே, மூலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதாகக் கூறினோம். தேளின் கொடுக்கிலுள்ள அந்த விண்மீன் நமக்குப் பல நூறு ஒளியாண்டு தூரத்தில், தன்பாட்டில் எரியும் ஒரு சூரியன். அதற்கு நம் வீட்டுப் பெண்ணின் பெயரும் தெரியாது, மாமனாரின் ஆயுளும் தெரியாது. அதன் பக்கத்திலேயே உள்ள வானத்தை ஆண்டாண்டாக, நிமிடம் நிமிடமாகத் துருவிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பெண்கள் கல்லூரி மாணவிகளும் இருந்தார்கள். அங்கே அவர்கள் கண்டது தோன்றி மறையும் பொருள்களைப் பற்றிய செய்திகளை. எந்தக் குடும்பத்தையும் நிர்மூலமாக்கும் செய்தி அங்கே இல்லை. ஒரு பெண்ணைப் படிக்க விடாமலும், அவள் வாழ்க்கையைத் தொடங்க விடாமலும் தடுப்பதே குடும்பத்துக்கு வரும் கேடு. அதைச் செய்வது விண்மீன் அன்று, நாம்தான்.

தாய்மார்களே, தந்தையரே! நம் பிள்ளைகள் அறிவியல் படிக்க வேண்டுமானால் முதலில் பெரிய கருவி வேண்டும், பெரிய ஊர் வேண்டும் என்று எண்ணிவிட வேண்டாம். ஜான்ஸ்கியின் ராட்டினம் மோட்டார் வண்டிச் சக்கரத்தில் சுற்றியது. ஹைமனின் கல்லூரி சிறியது. அவர்களிடம் மிகுதியாக இருந்தது, பார்த்ததை நாள் தவறாமல் எழுதி வைக்கும் பழக்கமும், சந்தேகம் வந்தால் மறுபடியும் பார்க்கும் நேர்மையும்தான். விடியுமுன் எழுந்து, மழையோ பனியோ, அதே நிரைக்குத் திரும்பத் திரும்பப் போகும் குடும்பங்களுக்கு அந்தப் பொறுமை புதியதன்று. அதோடு ஓர் ஏடும் எழுதுகோலும் பிள்ளைகளின் கையில் சேர வேண்டும்.

வருகிற ஆகஸ்டு மாதத்தில், மேகமில்லாத ஓர் இரவில், பிள்ளைகளை வெளியே கூட்டிச் சென்று தேளின் கொடுக்கைக் காட்டுங்கள். எத்தனை மணிக்கு அது எந்த மரத்துக்கு நேரே நின்றது என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். நாற்பது நிமிடம் முன்னதாகவே அது அங்கே வந்திருப்பதை அவர்களே கண்டு சொல்வார்கள்.